நாலு விரற்கடை மிச்சம்

1

முதலில் உண்மை. இப்படி ஒரு பெட்டி எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சண்டைக்கு நிற்காதீர்கள்.

கெய்ரோவில் எனக்கு இது பன்னிரண்டாவது வருசம். கபர் என்கிற கல்லறை மேல் வைக்கிற பழைய மரப்பெட்டிகளைச் சுற்றி எழுத்துப் பட்டை ஓடும். சிலவற்றில், இடம் போதாமல் கடைசிச் சொற்கள் காலை நேரப் பேருந்துபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். ஒருநாள் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது தோன்றியது: இடம் மிஞ்சிப்போனால் என்ன செய்வார்கள்? கதைக்குப் பூர்வீகம் அவ்வளவுதான்.

2

தொடக்கம் ஒன்று: "நைல் நதியில் மாலைச் சூரியன் தன் பொற்கதிர்களை—"

வேண்டாம். இந்த ஊரில் துணி துவைக்கிற எவளும் நைலை அப்படிப் பார்ப்பதில்லை.

தொடக்கம் இரண்டு: "தச்சனின் மகள் துர்ஃபா—"

மகள் என்றால் உடனே ஒரு தகப்பன் வந்து தொழில் சொல்லிக்கொடுப்பான். அந்த ஆளுக்கு இங்கே வேலையில்லை. அவள் தச்சனின் மனைவி. கணவன் ஸர்ஹான் பலகைகளைப் பசையில்லாமல் கோப்பான். எழுத்தை அவள் வெட்டுவாள். பெயர் அவனுக்குப் போகும். இதில் இரகசியம் எதுவும் இல்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவே.

(பலகை, கடல் கடந்து வந்த இந்தியத் தேக்கு. "அப்போ ஒரு தமிழ் மாலுமிய உள்ள விடேன்" என்றார் நண்பர். முடியாது.)

3

எண்ணூறு வருசத்துக்கு முன்பு, தச்சர் தெரு. தானிய வியாபாரி முஃப்லிஹின் தாய் கஸால் இறந்துவிட்டாள். குளியல்கூடத்தில் துர்ஃபாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி சிரிப்பவள். மகன் பெட்டி செய்யச் சொன்னான். பட்டையில் திருவசனம், பிறகு "முஃப்லிஹின் தாய்". பெயர் கூடாது.

துர்ஃபா கேட்டுப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை கபரடிக்கு வந்து மொச்சைக்கூழ் தின்கிறவன் எல்லாம் தன் தாயின் பெயரை வாயில் போட்டு மெல்வதா என்றான் அவன்.

அவளும் வேலையைத் தொடங்கினாள். இடம் பற்றாமல் போய்விடும் என்ற பயத்தில் முதல் எழுத்திலிருந்தே நெருக்கினாள். எழுத்து வெட்டுகிறவர்களுக்கு வருகிற பயம் அது. நான்காவது பக்கம் முடிந்தபோது நாலு விரற்கடை மிச்சம் நின்றது.

வெட்டியதை நீட்ட முடியாது. ஸர்ஹான் எட்டிப் பார்த்தான்.

"ஒரு கொடியும் ரெண்டு இலையும் போட்டு மூடு. எல்லாரும் செய்றதுதான்."

அவள் விரலை வைத்து அளந்தாள். கஸால். அரபியில் நாலே எழுத்து. கச்சிதமாக உட்காரும்.

"அப்படிப் பாக்காத. இனி ஒரு வியாபாரி நம்ம வாசல்ல ஏறமாட்டான்" என்றான் ஸர்ஹான்.

4

முஃப்லிஹ் விசயத்தில் எனக்குச் சிக்கல். முதல் வரைவில் அவன் தடித்த மடையன். கோடு போட்டு அடித்தேன். இரண்டாவதில், அவனுடைய பத்து வயதில் எவனோ குடிகாரன் சந்தையில் அவன் தாயின் பெயரைச் சொல்லிக் கூச்சலிட, கூட்டம் சிரித்தது. அன்றிலிருந்து அவன் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. இதை எழுதியபின் அவனை வெறுக்க முடியவில்லை. எனக்கு இன்னும் எரிச்சல்தான். பயந்தவன் அவன், பெயரை இழந்தவள் அவள். என்ன நியாயம் இது?

5

முடிவுகள்.

அ. இலை. எல்லாரும் நலம். எனக்குத் தூக்கம் வராது.

ஆ. பெயரை வெட்டிவிடுகிறாள், அவன் பெட்டியை உடைக்கிறான். நாடகம் ஜோர். தேக்கு வீண்.

இ. உட்புறத்தில் யாருக்கும் தெரியாமல் வெட்டி வைக்கிறாள். படித்துக் காட்டியபோது எல்லாரும் உருகினார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஒளித்துத்தான் வைக்கவேண்டும் என்றால் அதற்கு உளி எதற்கு? கஸால் எதையாவது மெதுவாகச் சொன்னவளா?

ஈ. துர்ஃபா யாரிடமும் கேட்காமல்—

இல்லை. அவளே முடிவெடுத்தால் அவன் தப்பித்துவிடுவான்.

6

ஆகவே மறுநாள் முற்பகல். பெட்டியைத் தூக்க இரண்டு ஆட்களோடு முஃப்லிஹ் வந்தான். வெற்றிடத்தைப் பார்த்தான்.

"என்ன சின்னம்மா, பாதியில விட்டுட்டீங்க?"

தன் கணக்குத் தப்பிவிட்டது என்று ஒளிக்காமல் சொன்னாள். அந்த இடத்துக்கு இலையானாலும் பொருந்தும், பெயரானாலும் பொருந்தும் என்றாள்.

"நான்தான் சொன்னேனே."

"என்ன சொன்ன? முஃப்லிஹ் அம்மான்னு சொன்ன. உனக்கு முன்னாடி இருபது வருசம் அவ யாரு?"

தூக்க வந்தவர்கள் கூரையைப் பார்த்தார்கள். ஸர்ஹான் இருமினான்.

"தம்பி, நான் திருட்டுத்தனமா வெட்டமாட்டேன். இலைன்னா இலைன்னு சொல்லு, இப்பவே வெட்டித் தரேன். பேருன்னா, அந்தப் பேர உன் வாயால சொல்லு. ரெண்டுல ஒண்ணு. நான் கேட்டுத்தான் வெட்டுவேன்."

அவன் தேக்கின்மேல் கையை வைத்தான். அந்த நாலு விரற்கடை அவன் கைக்குள் மறைந்துபோனது. தெருவில் ஆள் நடமாட்டம். கதவு திறந்திருந்தது. சொன்னால் வெளியே கேட்கும்.

கையை எடுத்தான். வாயைத் திறந்தான்.

7

அந்த ஒரு சொல்லை நான் எழுதப்போவதில்லை. துர்ஃபா உளியை ஊன்றிக் காத்திருக்கிறாள். அவன் எதைச் சொன்னாலும் வெட்டிவிடுவாள், வாக்குக் கொடுத்திருக்கிறாள். எந்தச் சொல் என்று நீங்கள் சொல்லுங்கள். மனசுக்குள் வேண்டாம். பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி.