வேறு கைத் தையல்

மாரமங்கலத்துக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போன புருஷன் அங்கப்பன் பத்து நாள் கழித்து வந்து கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்க விரித்தபோதுதான், தோள்பட்டைக் கிழிசல் தைக்கப்பட்டிருப்பதைக் காளியாயி பார்த்தாள். அது அவள் தைத்ததில்லை.

தலைச்சோலையில் அவர்கள் வீட்டுத் துணி எல்லாமே அவள் ஊசிக்குத் தப்பாதவை. முழங்கை நைந்த சட்டை கைகளை இழந்து மகளுக்குப் போகும். வேட்டி நைந்தால் பாவாடைக்கு உள்துணியாகும். கிழிந்ததென்று எதையும் எறிந்ததாக அவளுக்கு நினைவில்லை. ஆனால் அவசரக்காரி. நீளநீளமாகக் குத்தி, முடிச்சை வெளியிலேயே விட்டுவிடுவாள். இந்தத் தையலோ பொடிப்பொடியாக ஓடியது. உள்ளே துண்டுத்துணி வைத்து, முடிச்சை மடிப்புக்குள் மறைத்திருந்தது. அவன் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு எவளோ ஒருத்தி நிதானமாக உட்கார்ந்திருக்கிறாள். மற்ற துணிகளை அலசிக் காயப்போட்டுவிட்டு, அந்தச் சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, இது ஆருங்க தெச்சது?"

"நாந்தான்."

ஊசியையும் நூலையும் அவன் முன்னால் வைத்தாள். அவன் நாலு தடவை நூலை எச்சில் தொட்டு முறுக்கினான். ஊசிக் காதுக்குள் அது போகவேயில்லை.

"அக்கா தெச்சுச்சு," என்றான் கடைசியில். "நல்ல மழ. ஒதுங்கப் போனேன். அக்கா ஊடுன்னு தெரிஞ்சுதான் போனேன்."

ஏழு வருஷமாக அந்த வீட்டோடு பேச்சு இல்லை. மாமியார் செத்த அன்று, கூடியிருந்த அத்தனை பேர் முன்னால், "எங்கம்மாவப் பட்டினி போட்டே கொன்னுபுட்டா," என்று அந்த அக்கா பாவாயி காளியாயியைக் காட்டிச் சொன்னாள். கடைசி ஒரு மாசம் அந்தம்மாவுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை என்பது காளியாயிக்குத்தான் தெரியும்.

"என்னையப் பத்திக் கேட்டாங்களா?"

"கேக்கல. ஆனா தெச்சுக்கிட்டே, 'காளியாயிக்குக் கண்ணு செரியாத் தெரியறதில்லையா, இத எப்பிடி உட்டா'ன்னு கேட்டுச்சு."

பிளேடை எடுத்து ஒரு தையலை நெம்பினாள். நூலோடு துணியும் சேர்ந்து வந்தது. பிரித்தால் சட்டை போய்விடும். பிளேடைக் கீழே வைத்தாள். குத்திக் காட்டுவதற்காகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா? அந்த வாக்கியத்தை எப்படித் திருப்பிப் பார்த்தும் இரண்டும் இருந்தன.

"அவங்க பொடவயெல்லாம் எப்பிடி இருக்குது?"

"கிழிசல்தான். ஊர்த் துணியெல்லாம் தெக்குது, தன்னோடதத் தெச்சுக்கறதில்ல."

திங்கட்கிழமை அவன் திரும்ப வேலைக்குக் கிளம்பும்போது, அதே சட்டையைப் போட்டிருந்தான். காளியாயி வாசல்வரை வந்தாள்.

"கிழிஞ்ச பொடவையிருந்தா உங்ககிட்டக் குடுத்தனுப்பச் சொல்லுங்க. நான் தெச்சுத் தாறேன். ஆனா என் தையல் நீட்டமாத்தான் இருக்குமுன்னு சொல்லிப்போடுங்க."

அவன் திரும்பி வருவதாகச் சொன்ன சனிக்கிழமை சாயங்காலம், விறகுக்குப் போகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு ரோட்டுக்கு ஏறினாள். பனிமூட்டம் இறங்கி எதிர்ப்பக்கத்துச் சில்வர் ஓக் மரங்கள்கூடத் தெரியவில்லை. பஸ் விளக்கு போட்டுக்கொண்டு வந்து நின்றது. அங்கப்பன் இறங்கினான். அவள் அவன் கையைப் பார்த்தாள். பை ஒன்றும் இல்லை. வெறுங்கை.

அவன் நகரவில்லை. பஸ்ஸுக்குள் திரும்பி, அந்தக் கையை மேலே நீட்டினான். கிழிந்த புடவை விளிம்புக்கு அடியிலிருந்து செருப்பில்லாத ஒரு கால் கடைசிப் படிக்குக் கீழே இறங்கி, மூட்டத்துக்குள் தரையைத் தேடியது.