கழுவிய கரி

சின்ன மருமகள் காலையில் வயலுக்குள் இறங்கியதுமே குனிந்து இலைகளைப் புரட்டிப் பார்த்தாள். நேற்று நாலைந்து சோளப் பயிரில் மட்டும் தெரிந்த மஞ்சள், இன்று வரிசை முழுக்க ஓடியிருந்தது. அடி இலையின் நுனியில் தொடங்கி நடு நரம்போடு உள்ளே இறங்கும் மஞ்சள். பயிர் பசியில் வாடுகிறது என்று அர்த்தம். விதைத்து இருபத்திரண்டு நாள்தான் ஆகிறது!

பயப்படாமல் என்ன செய்வாள்? இரண்டு வருடமாக மழை ஏமாற்றிவிட்டது. இனி இது விளையாது, மேல்மண்ணைச் செங்கல் சூளைக்கு வெட்டிக் கொடுத்துவிடலாம் என்று கணவனின் அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். மேல்மண் போனால் அது நிலமா? வெறும் பள்ளம். "ஒரே ஒரு போகம் விடுங்க மாமா, கரித்தூள் போட்டு விளைய வெச்சுக் காட்டுறேன்" என்று வாயைக் கொடுத்தவள் இவள்தான். கணவன் லாரியோடு வெளியூரில். அன்று அவள் பக்கம் பேசிய ஒரே ஆள் மாமியார்.

கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும், சத்தையும் பிடித்து வைக்கும். ஆனால் வெறும் கரி பொல்லாதது. மண்ணில் இருக்கும் கொஞ்ச நஞ்சத்தையும் தானே உறிஞ்சிக்கொண்டு பயிரைப் பட்டினி போட்டுவிடும். அதனால் முதலில் சாணக் கரைசலில் இருபது நாள் ஊறவைத்து அதன் வயிற்றை நிரப்ப வேண்டும். எட்டு டிரம்மில் அவளே ஊறவைத்தாள். இடையில் தங்கையின் பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, ஆள் வைத்துக் கரியைக் கலந்து விதைப்பையும் முடித்திருந்தார் மாமியார். பிறகு தப்பு எங்கே?

மாமியார் தண்ணீர்ச் செம்போடு வரப்பில் வந்தார். பாவம், படு சுத்தக்காரி. உப்பைக்கூடக் கழுவித்தான் போடுவார் என்று மகன்கள் கிண்டல் செய்வார்கள். அது ஞாபகம் வந்ததும் சின்னவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அத்தை, டிரம்முல இருந்த கரிய அப்படியேதானே போட்டீங்க?"

"அப்படியேவா? அந்த நாத்தத்தோடயா? மூணு தண்ணி விட்டு நல்லா அலசி, வெயில்ல காய வெச்சு, பளபளன்னு ஆக்கித்தான் போட்டேன். நீ வந்து கஷ்டப்பட வேண்டாமேன்னு..."

"அய்யோ! அந்தத் தண்ணி?"

"வாய்க்கால் கடைசிப் பாத்தியில கொட்டினேன். ஏம்மா, ஏன் இப்படிப் பார்க்குற? பயமா இருக்கே."

சின்னவள் ஓடினாள். கடைசிப் பாத்தி மட்டும் கரும்பச்சையாக, மற்றதைவிட ஒரு சாண் உயரமாக நின்றது. நின்று பார்க்கக்கூட நேரமில்லை. சாலையில் பைக் சத்தம். மூத்தவர் சூளைக்காரரோடு வந்து இறங்கினார். சூளைக்காரர் தோளில் கடப்பாரை.

"இதுதான் உன் வித்தையாம்மா?" என்று கேட்டார் மூத்தவர்.

அவள் மாமியாரைப் பார்த்தாள். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"என் தப்புதான் மாமா. கரி சரியா ஊறல."

"பொய் சொல்றாடா அவ," என்றார் மாமியார். "அவ ஒழுங்காத்தான் ஊறவெச்சா. கழுவிக் கெடுத்தவ நான். கழுவின தண்ணி போன பாத்தியப் போய்ப் பாரு, அப்புறம் பேசு."

மூத்தவர் போனார். குனிந்து மண்ணுக்குள் விரலை விட்டார். விரல் ஈரத்தோடு வந்தது. சூளைக்காரர் கடப்பாரையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"பத்து நாள்," என்றார் மூத்தவர். "அதுக்குள்ள பச்சை திரும்பலன்னா வண்டி வந்துடும்."

அவர்கள் போனதும் இரண்டு பேரும் சாணத்தைக் கரைக்க ஆரம்பித்தார்கள். குடம் குடமாகச் சுமந்து, செடிக்கு ஒரு குவளை என்று ஊற்றினார்கள். பொழுது சாயும்போது பாதி வயல்கூட முடியவில்லை. காலையில் சுத்தமாக இருந்த சில இலைகளிலும் இப்போது மஞ்சள் பொட்டு. பத்து நாள் தாங்குமா? சின்னவள் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாள்.

வீட்டுக் குழாயடிக்கு வந்தபோது, மாமியார் முழங்கை வரை சாணம் வழிய, குழாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வருடமாக அந்தக் குழாயடியில் யாரிடமும் எதுவும் கேட்டவர் அல்ல.

"ஏம்மா," என்றார், இரண்டு கையையும் நீட்டி. "இதைக் கழுவலாமா? ஒண்ணும் ஆயிடாதுல்ல?"