பதினாலாவது குழியில் மூன்று நிமிடம்

1

இந்தக் கதையைத் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம் பயம். எங்கள் கிர்க்டோரனில் தமிழ் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள இந்தச் சிற்றூரில் இருபத்தாறு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். யாருக்கு மூலம், யாருக்கு மூட்டுவலி, யார் தூக்க மாத்திரைக்கு மூன்று நாள் முன்னதாகவே வந்து நிற்கிறார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வெளியே சொன்னால் உரிமம் போய்விடும். ஆகவே இதில் வரும் ஊனா கில்கிறைஸ்ட் என்பது அவருடைய நிஜப் பெயர் இல்லை. நோயையும் மாற்றியிருக்கிறேன். (கண்புரை என்று எழுதப் போகிறேன். அவருக்குக் கண்புரை இல்லை என்று நான் சொல்லவில்லை.)

2

முதல் தொடக்கம்: 'கடலிலிருந்து எழுந்த காற்று மணல்மேடுகளைத் தழுவி'

அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் காற்று வீசுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நின்றால்தான் பேசுவோம்.

இரண்டாம் தொடக்கம்: 'எழுபத்து நான்கு வயது ஊனா, தன் வாழ்வின் கடைசிப் பந்துக்காகக் காத்து'

சீ. இப்படி எழுதினால் அந்த அம்மாள் சாகப் போகிறார் என்று நினைத்துவிடுவீர்கள். கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்.

சரி, நேராகவே சொல்கிறேன். ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பெரிய கோல்ஃப் போட்டி எங்கள் கடற்கரை மைதானத்துக்கு வரும். உடனே ஊரே தன்னார்வலராகிவிடும். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, எல்லோரும் ஒரே நிற மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, எட்டு மணி நேரம் கால் கடுக்க நிற்க வேண்டும். இந்தத் தண்டனைக்கு விண்ணப்பம் போட்டுக் கிடைக்காதவர்கள், கிடைத்தவர்களோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள். எங்கள் பல் மருத்துவருக்கு 'அமைதி' என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடிக்கும் வேலை. போன போட்டியில் ஒரு கடற்காகம் அந்த அட்டையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டதாம். அன்றிலிருந்து நோயாளிகளின் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எல்லோரும் அஞ்சும் இடம் ஒன்று உண்டு. தேநீர்க் கூடாரம். தப்பு செய்தவர்களையும் தள்ளாதவர்களையும் முட்டை சாண்ட்விச் சுற்ற அங்கே அனுப்புவார்கள். அங்கிருந்து பார்த்தால் ஒரு புல்கூடத் தெரியாது.

3

ஊனா பந்து பார்ப்பவர். பதினாலாவது குழிக்கு அடிப்பவனுக்கு முன்னால் ஒரு மணல்மேடு மறைக்கும். பந்து எங்கே விழுகிறதென்று அவனுக்குத் தெரியாது. மேட்டுக்கு இந்தப் பக்கம் முழங்கால் உயரப் புல்லில் நிற்கும் நாங்கள்தான் பார்த்து, பந்து கிடக்கும் இடத்தில் மஞ்சள் கொடி நட வேண்டும். இடப்பக்கம் ஊனா, வலப்பக்கம் நான். எனக்கு முதல் போட்டி, அவருக்கு நான்காவது. இதுவரை அவர் ஒரு பந்தைக்கூடத் தொலைத்ததில்லை.

(அவரை ரொம்ப நல்லவராக எழுதுகிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. தேவாலயச் சீட்டாட்டத்தில் கள்ளம் செய்வார். பக்கத்து வீட்டுக்காரியின் பிஸ்கட்டைப் பற்றி அவர் சொன்னதை எழுத முடியாது.)

கண் அறுவைக்கு அக்டோபரில் தேதி. போட்டி ஜூலையில். அடுத்த போட்டிக்கு அவருக்கு வயது எண்பத்து மூன்று. தன்னார்வலர் தலைவர் டூகல்ட் ராட்ரேவுக்கு விஷயம் தெரிந்தால் கூடாரம்தான். டூகல்ட் முன்பு பயணிகள் படகில் கேப்டனாக இருந்தவர். எங்களையும் பயணிகளாகத்தான் நடத்துவார்.

சொட்டு மருந்து வாங்க வந்த ஊனா மேஜையில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"மருந்துக்கடை, இது டூகல்ட் காதுக்குப் போச்சு, உன்னைக் கொன்னுபுடுவேன்."

"நான் சொல்லவே முடியாது ஊனா. சட்டம் அப்படி."

"சட்டத்துக்காகவா வாயை மூடுறே? எனக்காகன்னு சொன்னா வாய் வலிக்குமாடா மகனே?"

"சரி, உங்களுக்காக. ஆனா பந்து எப்படித் தெரியும்?"

"கேக்கும். புல்லுல விழுந்தா ஒரு சத்தம், மணல்ல விழுந்தா ஒரு சத்தம். இருபத்தேழு வருஷமா கேக்குறேன்ல?"

மூன்று நாள் முழுக்க அவர் நட்ட கொடி ஒன்றும் தப்பவில்லை. நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கடைசி நாள்.

4

முன்னணியில் இருந்தவன் நீல்ஸ் ஹோல்ம் என்ற டென்மார்க் இளைஞன். இருபத்து நான்கு வயது. மொத்தம் பதினெட்டில் இன்னும் ஐந்து குழிதான் பாக்கி.

(தொலைக்காட்சிக் கேமராக்கள் எங்கே என்று கேட்பீர்கள். அந்த நேரம் பார்த்து, பதினைந்தாவது குழியில் ஒருவன் அம்மணமாக வேலி தாண்டி ஓடினான். கேமராக்களும் கூட்டமும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. இதைக் கதை வசதிக்காகச் சேர்த்தேனா என்று எனக்கே இப்போது குழப்பம்.)

பந்து மேட்டைத் தாண்டி வந்தது. காற்று இடப்பக்கம் தள்ளியது. காய்ந்த தரையில் பட்டு எகிறி, வேகமெல்லாம் செத்து, ஊனாவின் முதுகில் தொங்கிய மழைக்கோட்டுத் தொப்பிக்குள் போய் விழுந்தது.

நான் துளிகூடக் கற்பனை செய்யாத இடம் இது ஒன்றுதான். உள்ளே இரண்டு கம்பளிச் சட்டை போட்டிருந்தார். தொப்பி காலையிலிருந்து காற்றில் முதுகை அடித்துக்கொண்டே இருந்தது. அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தரையில் பட்ட சத்தம் மட்டும் கேட்டது. நேராக அங்கே நடந்து, வெள்ளையாகத் தெரிந்ததன் பக்கத்தில் கொடியை நட்டு, நிமிர்ந்து நின்றார்.

நீல்ஸ் வந்து குனிந்து பார்த்தான்.

"இது காளான்," என்றான்.

5

டூகல்ட் ஓடி வந்தார். "கொடிய நட்டது யாரு?"

"நான்தான். பத்தடிக்குள்ளதான் இருக்கும். குனிஞ்சு தேடு டூகல்ட், தொப்பை தடுக்குதா?"

நடுவர் கடிகாரத்தை அழுத்தினார். மூன்று நிமிடத்துக்குள் கிடைக்காவிட்டால் பந்து தொலைந்ததாகிவிடும். குறைந்த அடிகளில் முடிப்பவன் ஜெயிக்கும் ஆட்டத்தில், தண்டனையாக ஒரு அடியைக் கூட்டிக்கொண்டு ஆட்டக்காரன் திரும்பிப் போய் மறுபடி அடிக்க வேண்டும். ஒருவர் உடையில் விழுந்தது என்று தெரிந்தாலோ தண்டனையே கிடையாது. அவர் நின்ற இடத்தில் பந்தைப் போட்டு ஆடலாம். இதற்கும் விதி இருக்கிறது. யாருக்கோ முன்பே நடந்திருக்கிறது போல.

பதினோரு பேர் தேடினோம். எல்லோரையும்விட அதிகம் குனிந்தவர் ஊனா. அவர் குனியும்போதெல்லாம் பந்து தொப்பியின் விளிம்புவரை வந்து எட்டிப் பார்த்தது. நிமிர்ந்தால் உள்ளே போனது. நான் புல்லைப் பார்க்கவே இல்லை.

சொன்னால், காளானுக்குக் கொடி நட்டவர், தன் முதுகில் விழுந்த பந்தையே அறியாதவர் என்று ஊரே சிரிக்கும். கண் விஷயம் வெளியே வரும். கடைசிப் போட்டியின் கடைசி மணி நேரத்தில் அவர் முட்டை சாண்ட்விச் சுற்றிக்கொண்டிருப்பார். சொல்லாவிட்டால், ஒன்றும் அறியாத ஒரு பையனின் கோப்பை

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெம்பில்லை.)

நடுவர் என் முன்னால் வந்து நின்றார். "வலப்பக்கம் நின்னது நீங்கதானே? ஏதாவது பாத்தீங்களா?"

6

முதல் முடிவு: உண்மையைச் சொல்கிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள், ஊனாவும் சிரிக்கிறார். (ஊனா சிரிக்க மாட்டார்.)

இரண்டாவது: "ஊனா, இன்னும் கொஞ்சம் குனிங்க" என்கிறேன். பந்து உருண்டு விழுகிறது. கண்டெடுத்தவர் ஊனாவே. ஒரே கைதட்டல். (அருமையான யோசனை. மறுநாள் பல் துலக்கும்போது தோன்றியது.)

மூன்றாவது: எங்கிருந்தோ ஒரு நாய்

வேண்டாம். வெட்கமாக இருக்கிறது.

நடந்தது இதுதான். "ஒண்ணும் பாக்கலைங்க," என்றேன். நீல்ஸ் மறுபடி அடிக்கத் திரும்பி நடந்தான். மாலையில் ஒரே ஒரு அடியில் தோற்றான். எல்லோரும் நகர்ந்ததும், கோட்டில் ஒட்டிய புல்லைத் தட்டிவிடும் சாக்கில் ஊனாவின் தொப்பிக்குள் கையை விட்டுப் பந்தை எடுத்துக்கொண்டேன். அவர் தன் இடத்தில் நின்றே போட்டியை முடித்தார். அந்த அம்மாளுக்கு நல்லதுதான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன். கதையை இந்த வரியோடு முடிப்பதாகத்தான் திட்டம்.

7

மேலேயுள்ள வரியை எழுதி மை காய்வதற்குள் கடைக் கதவு திறந்தது. ஊனா. அறுவை முடிந்து மூன்று வாரம்.

"கண்ணு பளிச்சுன்னு தெரியுது. ஆமா, உன் தட்டுல இவ்வளவு தூசா? இத்தனை நாளா இதுலயா மருந்து வாங்கித் தின்னேன்?"

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு கடிதாசி எழுதணும். நீதான் எப்பப் பாத்தாலும் எழுதிட்டே இருக்கியே, நல்லா எழுதுவே."

"யாருக்கு?"

"அந்த டென்மார்க் பையனுக்கு. நான் தொலைச்ச ஒரே பந்து அவனோடது. கண்ணு தெரியாதுன்னு தெரிஞ்சே போய் நின்னேன் பாரு, அதைச் சொல்லி மன்னிப்புக் கேக்கணும். அன்னையிலேருந்து சரியாத் தூக்கமில்லடா மகனே. அது எந்த நாறின இடத்துல கிடைச்சிருந்தாலும் சரி, டூகல்ட் என்னைச் சாகுற வரைக்கும் கிண்டல் பண்ணியிருந்தாலும் சரி. கிடைச்சிருந்தாப் போதும்."

பந்து என் மேஜை இழுப்பறையில், அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி இருக்கிறது.

"என்னடா பேயறைஞ்ச மாதிரி பாக்குறே? எழுது."

புதுத் தாள் எடுத்தேன். 'அன்புள்ள நீல்ஸ், உங்கள் பந்து' என்பதுவரை எழுதியிருக்கிறேன். ஊனா கண்ணாடிகூட இல்லாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நடுவர் கேட்டபோது உண்மையைச் சொல்ல வாய் வராதவன் நான், இப்போதும் வரவில்லை. அது எங்கே விழுந்தது என்று பார்த்தவர் என்னைத் தவிர இதைப் படிக்கும் நீங்கள் ஒருவர்தான். அடுத்த சொல்லை நீங்கள் சொல்லுங்கள். அப்படியே எழுதிவிடுகிறேன்.