பாஸ்டரின் தலைக்கு ஒரு கிரீடம்

1.

தலை வளராது என்று யார் சொன்னது? சுனாமி முகாமில் பாஸ்டருக்கு வெயிலுக்குத் தைத்துக் கொடுத்த தொப்பிக்கு இருபத்திரண்டு அங்குலம் போதுமாயிருந்தது. இப்போது இருபத்துமூன்று காட்டுகிறது. முடியையும் சேர்த்து அளந்துவிட்டேனோ?

தையற்காரி மியூரியல், அளவு நாடாவைச் சுருட்டியபடி இப்படி நினைத்தாள். நினைத்தாளா என்பது எனக்குத் தெரியாது. நான்தான் நினைக்க வைத்திருக்கிறேன்.

உண்மையில் இது கதையாகவே பிறக்கவில்லை. மெசியாவிடம் ஆசாரியத்துவமும் அரசும் ஒன்றாவதைப் பற்றி ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரை ஒப்புக்கொண்டு, மூன்று பக்கம் எழுதி, அதை வாசிக்கும்போது நானே தூங்கிப்போனேன். மறுநாள் சட்டையின் இடுப்பைத் தளர்த்த மியூரியலிடம் போனேன். (என் இடுப்பு வளர்ந்ததில் சந்தேகமே இல்லை.) அவள் காட்போட்டில் பொன்தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன மியூரியல் அக்கா இது?"

"பாஸ்டருக்குக் கிரீடம் கா," என்றாள். (எங்கள் ஊரில் பெண்களெல்லோரும் 'கா'தான்.)

2.

கட்டுரையில் மிஞ்சியது இவ்வளவுதான். பழைய இஸ்ரவேலில் அரசன் ஒரு கோத்திரம், ஆசாரியன் வேறு கோத்திரம். தூபகலசத்தைத் தானே தூக்கிக்கொண்டு ஆலயத்துக்குள் போன அரசன் உசியாவுக்கு நெற்றியில் குஷ்டம் கண்டது. வெகு காலத்துக்கு முன்பு மெல்கிசேதேக்கு என்ற ஒருவர் மட்டும் இரண்டுமாய் இருந்தார். அவரைப்போல் இன்னொருவர் வருவார் என்று காத்திருந்தார்கள். அவர் வந்துவிட்டார் என்பது கிறிஸ்தவர்களின் விசுவாசம். அந்த ஆசாரியர் பலியாகக் கொடுத்தது தன்னையே. ஆகையால் அவர் ஒருவரிடம்தான் முடியையும் நம்பிக் கொடுக்கலாம்.*

* இந்த வாக்கியம் நன்றாக வந்துவிட்டது. அதனால் இதன்மேல் எனக்குச் சந்தேகம்.

3.

உதயரூபன் பாஸ்டரைக் கெட்டவராக எழுத இரண்டு தடவை முயன்றேன்.

(முதல் முயற்சி: "அவருடைய கண்களில் ஒரு நரியின்" – வேண்டாம். கண்ணாடி போட்ட சாதாரண கண்கள்.)

சுனாமிக்குப் பிறகு, வாவியிலிருந்து தள்ளி உள்ளே, சபையின் பெயரில் காணி வாங்கி முப்பத்தொரு வீடு கட்டினார். வீட்டுப் பட்டியல், தண்ணீர், வழக்கு, கலியாணம் எல்லாம் அவர் கையால்தான் நடந்தன. வீடுகளின் உறுதிகளை, அதாவது உரிமைப் பத்திரங்களை, மட்டும் அவர் கொடுக்கவில்லை. நான்கு வருடங்களாக அவை அவருடைய அலுமாரியில் இருந்தன. மியூரியலுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அந்த ஒரு தாள்தான். ஒரு வீட்டைக் கடல் கொண்டுபோயிருந்தது. மற்றதை யாரும் கொண்டுபோகாமல் இருக்க வேண்டும்.

யுத்தம் முடிந்த வருடம் சபையின் ஆண்டுவிழாவுக்கு நாடகம் வைத்தார்கள். தீர்க்கதரிசி கிரீடம் செய்து, பிரதான ஆசாரியனின் தலையில் சூட்டுகிற காட்சி. ஆசாரியன் வேடம் பாஸ்டருக்கு.

"கிரீடத்த நீங்கதான் வைக்கோணும் அன்ரி. முப்பத்தொரு வீட்டுக்கும் மூத்த ஆள் நீங்க," என்றார் பாஸ்டர்.

"மறுகா? அதுக்குப் பிறகு?"

"மறுகா கட்சி ஐயா மேடையில ஏறி, அவங்கட கட்சியில என்னை எலக்சனுக்கு நிப்பாட்டுறதா அறிவிப்பார்."

"என்ட உறுதி?"

"விழா முடியிறதுக்கு முந்தி உறுதி உங்கட கையில."

பக்கத்து வீட்டு ஜிலியனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. "காட்போட் தானே அக்கா. வைச்சிட்டு வீட்ட வாங்குங்க. அவருக்குத் தலை பாரமெண்டா அவர் பாடு."

"உனக்கென்ன கா, வாயால தைக்கிறாய்," என்றாள் மியூரியல்.

4.

முடிவுகள்.

அ) மியூரியல் மேடையேறி, உசியாவின் குஷ்டத்தை நினைவூட்டிப் பத்து நிமிடம் பேசுகிறாள். (அடித்துவிட்டேன். அது என்னுடைய கட்டுரை. அவளுக்குப் பேராசிரியரின் கவுன் போட்டு மேடையேற்றப் பார்த்திருக்கிறேன்.)

ஆ) வைக்கிற நேரத்தில் வாவிக்காற்று கிரீடத்தை அடித்துக்கொண்டு... (சினிமா.)

இ) வைக்கிறாள். உறுதி கிடைக்கிறது. நானாக இருந்தால் இதைத்தான் செய்திருப்பேன். உறுதியைப் பத்திரப்படுத்திவிட்டு, அதிகாரத்தைக் கண்டித்து ஒரு கதையும் எழுதியிருப்பேன்.

கீழே எழுதுவது மியூரியல் எனக்குச் சொன்னது. அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதப்போவதில்லை. உறுதி கிடைத்ததா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். கிடைத்தது என்று தீர்மானிப்பவர்கள் பாஸ்டரை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர்களாக இருக்கக்கூடும்.

5.

விழாவுக்கு முதல் நாள் பின்னேரம் பாஸ்டர் வந்து, தையல் மெசினுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். தலையைக் குனிந்தார்.

"ஒருக்கா வைச்சுப் பாருங்க அன்ரி. நாளைக்குக் கை நடுங்கப்படாது."

மியூரியல் கிரீடத்தை எடுத்தாள். குனிந்த தலையின் உச்சி தெரிந்தது. அந்த உச்சியை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். கடல் வந்து மூன்றாம் நாள், அவளுடைய புருசன் இக்னேஷியஸைக் கண்டல் மர வேர்களுக்குள்ளிருந்து தூக்கி வந்தவர் இவர்தான். சேற்றில் முழந்தாளிட்டு, தன்னுடைய சேர்ட்டைக் கழற்றி நனைத்து, அந்த முகத்தை அவரே துடைத்தார். ஜெபத்தைப் பாதியில் விட்டு அழுதார். அன்றைக்கு ஒரு கிரீடத்தைக் கையில் கொடுத்திருந்தால் அவள் யோசிக்காமல் வைத்திருப்பாள்.

அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

கிரீடத்தை ஒரு பையில் போட்டு அவருடைய மடியில் வைத்தாள்.

"தையல் முடிஞ்சுது. கொண்டு போங்க. வைக்கிறதுக்கு நான் வர மாட்டன்."

பாஸ்டர் தலையை நிமிர்த்தினார்.

"அன்ரி, உங்கட உறுதி..."

"தெரியும் மகன்," என்றாள்.