உருட்ட வேண்டாம்

ஞாயிறு பிற்பகல் மூன்று இருபதுக்கு சிவகுமாருக்குப் பகடையில் இரண்டு விழுந்தது.

“இழை சேரல. மறுபடி அறுந்துடுச்சு,” என்றாள் ஹெப்சிபா.

ஆட்டத்தில் கதை சொல்பவள் அவள். பள்ளியில் கணக்கு டீச்சர். தம்பி ரெஜி, சிவகுமார், அவன் மனைவி லாவண்யா மூவரும் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். அவர்கள் செய்வது பலிக்குமா என்று தெரியாதபோது இருபது முகப் பகடையை உருட்டவேண்டும். பெரிய எண் விழுந்தால் பலிக்கும், சின்ன எண் விழுந்தால் பலிக்காது. எப்போது உருட்டுவது என்று அவள்தான் சொல்லவேண்டும். அவள் எல்லாவற்றுக்கும் உருட்டச் சொன்னாள். பகடை முடிவு செய்தால் ஓரவஞ்சனை என்று யாரும் சொல்ல முடியாது.

சிவகுமாரின் பாத்திரம் அரண்மனை நெசவாளி. அரசியின் தறியில் ஒளித்திருந்த கடிதத்தை எடுக்கும்போது தறியில் நீளவாக்கில் கட்டிய பாவில் ஓர் இழை அறுந்துவிட்டது. அதை ஒட்டிவிட்டு நழுவ வேண்டும்.

“ஒரு இழை,” என்றான் சிவகுமார். “ஒரே இழை.”

“முள்ளிப்பட்டுல சொல்லிடாதண்ணா,” என்றான் ரெஜி. “அப்புறம் யாரும் உனக்குப் பாவு குடுக்க மாட்டாங்க.”

லாவண்யா சிரித்தாள். சிவகுமார் சிரிக்கவில்லை. நிஜத்திலும் அவனுக்குப் பதினெட்டு வருடமாக முள்ளிப்பட்டில் தறிதான் வேலை. பகடையை மேசை நடுவில் வைத்துவிட்டு எழுந்தான்.

“நீங்க ஆடுங்க டீச்சர். அடுத்த வாரத்துலேர்ந்து நான் வரல.”

“நீங்க வரலன்னா நான் மட்டும் எப்படி வர்றது?” என்றாள் லாவண்யா. அவளும் பையை எடுத்தாள்.

இந்த ஆட்டத்துக்கு ஆரணியில் ஆள் சேர்க்க ஹெப்சிபாவுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. இவர்கள் போனால் ரெஜி மட்டும்தான். ஒருவனை வைத்துக்கொண்டு ஆட முடியாது.

சிவகுமார் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.

“சிவகுமார், அறுந்த இழையை ஒட்ட எவ்ளோ நேரம் ஆகும்?”

“சாம்பலைத் தொட்டு ஒரு முறுக்கு. நீங்க கேட்டு முடிக்கிறதுக்குள்ள.”

“தப்பாதா?”

“யாருன்னா பேசிகினே இருந்தாலும் தப்பாது.”

“அப்போ உருட்டச் சொன்னது என் தப்பு. இழை சேந்துடுச்சு.”

அவன் திரும்பிப் பார்த்தான்.

“அக்கா,” என்றான் ரெஜி, “போன வாரம் நான் ஏணியில ஏறவே உருட்டச் சொன்ன. கால் ஒடிஞ்சி இன்னும் நொண்டிகினு இருக்கேன்.”

“அதுவும் தப்புதான். கால் சரியாயிடுச்சு.”

“அல்லேலூயா.”

சிவகுமார் ஒரு செருப்பைக் கழற்றினான். “அப்போ எதுக்குதான் உருட்டறது?”

ஹெப்சிபா யோசித்தாள். “இழை சேந்துடுச்சு. கடிதம் உங்க கையில. வெளியே காவலனோட காலடிச் சத்தம். இப்பவே ஓடலாம். இல்ல, தறிக்குப் பின்னாடி ஒளியலாம்.”

“ஓடினா பாத்துடுவான். ஒளியறேன்.”

“அவன் கண்ணுல படுவீங்களா?”

“அது எனக்குத் தெரியாதே.”

“எனக்கும் தெரியாது.”

“அப்போ இதுக்கு உருட்டலாம்,” என்றான். மற்றொரு செருப்பையும் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான். லாவண்யா பையைக் கீழே வைத்தாள். ஹெப்சிபா ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தாள்.

பகடை உருண்டு ரெஜியின் முழங்கையில் முட்டி நின்றது. மூன்று.

“மாட்னேன்!” என்று சிவகுமார் மேசையைத் தட்டிச் சிரித்தான். லாவண்யா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹெப்சிபா காவலனைப் போலக் குரலைக் கனமாக்கினாள்.

“யார்ரா அது, தறிக்குப் பின்னாடி?”