மேகத்தில் நின்று பார்த்த நாரை

மே மாதம் பிறந்து பத்து நாளாகியும் நெவெனாவின் மணிக்கட்டில் அந்தச் சிவப்பு வெள்ளைக் கயிறு அப்படியே இருந்தது. பிளோவ்திவ் நகரத்தில் வேறு யார் கையிலும் அது இல்லை. மார்ச் முதல் தேதி, வசந்தத்தை வரவேற்க எல்லோரும் கட்டிக்கொள்வார்கள். செங்கால் நாரையைக் கண்டதும் அவிழ்த்து, பூத்த மரமொன்றில் கட்டிவிட்டு மறந்துபோவார்கள். பூவைப் பார்த்தாலே போதும் என்பவர்களும் உண்டு. ஆனால் இவளுக்குக் கட்டிவிட்டவன் கணவன் ஓக்னியான். அவனுக்கு நாரைதான் சட்டம்.

"என்ன நெவெனா, கையில அடிபட்டுருச்சா? கட்டு அழுக்காயிருக்கே, மாத்தக்கூடாதா?" என்று எதிர்வீட்டு ஸ்தோய்கா மாடிப்படியில் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.

நாரைகள் வராமல் இல்லை. இவள்தான் பார்க்கவில்லை. பகலெல்லாம் ஓர் இணையச் செருப்புக் கடைக்காக, வீட்டிலிருந்தபடியே புகார்களுக்குப் பதில் தட்டிக்கொண்டிருப்பாள். வேலை முடிந்ததும் கணினியை மூடிவிட்டு, களைப்பாறக் கைபேசியைத் திறப்பாள். இதற்குப் பெயர் ஓய்வாம்! ஓக்னியானும் லேசுப்பட்டவன் இல்லை. பேருந்து ஓட்டிவிட்டு வந்தால் அவன் தலையும் கைபேசிக்குள்தான். பிப்ரவரியில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்பதைக்கூட அவன் கையைக் காட்டித்தான் கேட்டான். அவளும் நிமிராமலே தள்ளிவிட்டாள். அன்றைக்கு இருவருக்குமே பயமாகிவிட்டது.

மார்ச் முதல் தேதி கயிற்றோடு ஒரு தடித்த நோட்டும் வாங்கி வந்தான்.

"சாப்பிட்டதும் ரெண்டு போனும் ரொட்டிப் பெட்டிக்குள்ள போயிரணும். அன்னிக்கு நம்ம கண்ணால பார்த்தது ஏதாவது ஒண்ண இதுல வரையணும், இல்லாட்டி ஒட்டணும். இதுவும் சரிப்படலேன்னா எனக்கு வேற வழி தெரியல நெவெனா."

சரிப்பட்டது. அவன் வரைந்த நாயை அவள் ஸ்டூல் என்றாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பேருந்தில் யாரோ உதிர்த்த பொத்தானை ஒட்டினான். அதன் சொந்தக்காரி யாராக இருக்கும் என்று ஒரு மணிநேரம் பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் ஓவியப் பரிசு வாங்கியவள் நெவெனா. கோடு இன்னும் கையில் இருந்தது, பார்த்ததுதான் எதுவுமில்லை. கோப்பை, ஜாடி, மறுபடியும் கோப்பை.

"இந்த வீட்டுல எத்தனை கப் இருக்குன்னு எனக்கே தெரியும் தாயே" என்றான் அவன். கேலிதான். ஆனாலும் சுருக்கென்றது.

ஸ்தோய்கா கேட்ட அன்று மத்தியானம் நெவெனா ஒரு காரியம் செய்தாள். கைபேசியில் தேடி, எங்கோ ஒரு நாரைக்கூட்டை நேரடியாகக் காட்டும் கேமராவைக் கண்டுபிடித்தாள். அதைப் பார்த்து நோட்டில் இறகு இறகாக வரைந்து வண்ணமும் தீட்டினாள். பிறகு கயிற்றைக் கத்தரித்து மேசை இழுப்பறையில் போட்டாள். கை லேசானது, மனசு ஆகவில்லை.

சாயங்காலம் ஓக்னியான் படத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அடேயப்பா! எங்க பார்த்தே?"

"ஆத்துப் பாலத்துக்கிட்ட. விளக்குக் கம்பத்து மேல."

அவன் நோட்டை இப்படியும் அப்படியும் திருப்பினான். மலர்ச்சி மெல்லக் குறைந்தது.

"முதுகு தெரியுது. ரெண்டு சிறகும் தெரியுது. கூட்டுக்குள்ள மூணு முட்டை தெரியுது. நீ எங்க நின்னு பார்த்தே, மேகத்துலயா?"

அவளுக்குக் காது வரை சூடேறியது.

"வெளியில பார்க்கவே வரல எனக்கு, ஓக்னியான். கண்ணு ஒரு சாண் தூரத்தைத் தாண்ட மாட்டேங்குது."

"அதைச் சொல்லியிருக்கலாமே. வேற எங்க வேணா பொய் சொல்லு. இந்த நோட்டுல மட்டும் வேணாம்."

அவன் நோட்டை மூடினான். எழுந்துபோய் ரொட்டிப் பெட்டியைத் திறந்து தன் கைபேசியை எடுத்துக்கொண்டான். இரண்டு மாதத்தில் முதல் தடவை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது நெவெனாவுக்கு.

மறுநாள் சனிக்கிழமை. அவனுக்கு வேலை, இவளுக்கு விடுமுறை. கைபேசியை ரொட்டிப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, நோட்டையும் பென்சிலையும் அறுந்த கயிற்றையும் எடுத்துக்கொண்டு அவன் பேருந்திலேயே ஏறினாள்.

"எங்க போகணும்?" என்று முன்பின் தெரியாதவளைக் கேட்பதுபோலக் கேட்டான்.

"கடைசி ஸ்டாப்."

"அங்க வயலைத் தவிர ஒண்ணும் கிடையாது."

"பரவால்ல. அதையே பார்த்துக்கறேன்."

மூன்றாவது இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கை தானாகவே கைபேசியைத் தேடிப் பைக்குள் போய்ப்போய் வெறுமனே திரும்பியது. ஆற்றைத் தாண்டிய பிறகுதான் அடங்கியது.

கடைசி நிறுத்தத்தில் மின்கம்பத்தின் உச்சியில் வண்டிச்சக்கரம் அளவுக்கு ஒரு கூடு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் நாரையே தெரியவில்லை. சுள்ளிகள், சுள்ளிச் சந்தில் குடியிருக்கும் சிட்டுக்குருவிகள், நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் வால். கழுத்து வலிக்க வலிக்க அதைத்தான் வரைந்தாள். நடுவில் பொத்தென்று பக்கத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ விழுந்தது. வெட்டவெளி என்றும் பாராமல் உரக்கச் சிரித்துவிட்டாள். எத்தனை நாளாயிற்று, தனியாக இப்படிச் சிரித்து! அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு, பூத்திருந்த ஒரு சீமைமாதுளை மரத்தில் கட்டிவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பினாள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டை அவன் முன்னால் நகர்த்தினாள். அவன் கைபேசியிலிருந்து நிமிர்ந்தான்.

"வால் மட்டும்தான் இருக்கு. நாரை எங்கே?"

"கீழயிருந்து பார்த்தா அவ்வளவுதான் தெரியும்."

"ஓரத்துல என்ன கறை?"

"அதோட கையெழுத்து."

அவன் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பென்சிலை எடுத்து, அடுத்த பக்கத்தைக் கையால் மறைத்தபடி வெகுநேரம் கிறுக்கினான். பிறகு திருப்பிக் காட்டினான். ஒரு கட்டம். அதற்குள் ஏதோ கோணல்மாணலாக.

"ஸ்டூலா?"

"நான் பின்னால பார்க்கற பஸ் கண்ணாடிடி. உள்ள இருக்கறது நீதான். வழி பூரா வெளியில பார்த்துக்கிட்டே வந்தியே."

நெவெனா அந்தப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவனுடைய கைபேசியை அவள்தான் எடுத்துக்கொண்டுபோய் ரொட்டிப் பெட்டியில் வைத்தாள். அவன் தடுக்கவில்லை.