பக்கத்து நட்சத்திரத்தின் துடிப்பு

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. நட்சத்திரமும் துவரம்பருப்பும் ஒரே நாளில் ஒருத்தியை ஏமாற்றிய கதை சொல்கிறேன்.

மைசூர் விஜயநகரில் சின்மயி என்று ஒரு வானியல் ஆராய்ச்சிக்காரி. ஒன்றையொன்று சுற்றும் இரண்டு பெரிய நட்சத்திரங்களை, செயற்கைக்கோள் அளந்து அனுப்பும் வெளிச்சத்தை வைத்து மூன்று வருஷமாய்ப் படித்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்று ஐந்து மணி நேரத்துக்கு ஒருதரம் துடிக்கிறது என்று கட்டுரையும் அனுப்பிவிட்டாள். பத்திரிகையிலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: துடிப்பது உங்கள் ஜோடியில் ஒன்றா, பக்கத்தில் தெரியும் வேறு நட்சத்திரமா? அன்று மாலை ஐந்துக்குள் பதில் போகாவிட்டால் கட்டுரை அம்போ.

"மூணு வருஷமா பாக்கறேன். என் நட்சத்திரம் நேக்குத் தெரியாதா?" என்று காலையிலிருந்து பொருமல்.

அதனால் சமையல் கணவன் ஸ்ரீகர் தலையில் விழுந்தது. மதியம் முதல் வாயிலேயே பருப்பு நறுக்கென்றது.

"எத்தனை விசில் விட்டே?"

"நாலு. எண்ணித்தான் அணைச்சேன்."

"எங்கேர்ந்து எண்ணினே?"

"கூடத்துலேர்ந்து. மேட்ச் பாத்துண்டே."

"அது பக்கத்தாத்து பத்மாஸினி மாமியோட குக்கர். கூடத்துல உக்காந்தா ரெண்டாத்து சத்தமும் ஒண்ணாத்தான் கேக்கும். நம்ம அடுப்புகிட்ட ஒரு தரம், ஜன்னல்கிட்ட ஒரு தரம் நின்னா, எங்கே பெரிசா கேக்கறதுன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"கையை அலம்பிட்டுப் போ," என்றான் ஸ்ரீகர்.

செயற்கைக்கோளின் கண் கொஞ்சம் மங்கல். பக்கத்துப் பக்கத்து நட்சத்திரங்களின் வெளிச்சம் கலந்துதான் விழும். அவளும் படத்தில் இருக்கும் குட்டிக் குட்டி வெளிச்சக் கட்டங்களையெல்லாம் ஒன்றாகக் கூட்டித்தான் பார்த்திருந்தாள். இப்போது ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். தன் நட்சத்திரத்தின் மேல் துடிப்பு மெலிசு. ஓரத்துக்குப் போகப் போகத் தடதடவென்றது. பக்கத்து நட்சத்திரம்தான்.

தலையில் கை வைத்தபடி அந்தக் கட்டத்தையே பார்த்தாள். நாலு நாளுக்கு ஒருதரம் அங்கே வெளிச்சம் லேசாகக் குறைந்தது. இத்தனை நாள் தூசு மாதிரி கணக்கிலிருந்து துடைத்துப் போட்ட குறைச்சல். இரண்டு நட்சத்திரங்கள் சுற்றும்போது ஒன்றை ஒன்று மறைத்தால் அப்படித்தான் குறையும். அப்படியானால் அதுவும் ஜோடி!

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் எழுதினாள்: நீங்கள் கேட்டது சரி. துடிப்பது பக்கத்து ஜோடி. கட்டுரையை அதன் பெயரிலேயே மாற்றி எழுதலாமா?

ஆறு மணிக்குப் பதில் வந்தது: எழுதுங்கள்.

அதே நேரம் ஜன்னலில் பத்மாஸினி மாமியின் குரல். "சின்மயி, மத்தியானம் நாலு விசிலும் உங்காத்துதுன்னு நினைச்சு அணைக்காம விட்டுட்டேன்டி. எங்காத்துப் பருப்பு கூழாப் போயிடுத்து. கொஞ்சம் தரட்டுமா?"

வேகாததும் குழைந்ததும் கலந்து அன்றைக்கு இரண்டு வீட்டிலும் சாம்பார் பிரமாதம்.

உங்கள் வீட்டுப் பருப்பு என்றும் பதமாய் வேகட்டும், கண்ணுகளா. பக்கத்து வீட்டு ஜன்னல் உங்களுக்குத் திறந்தே இருக்கட்டும்.